பாதி கைக்கு வந்தது

மகளின் காது வளர்ந்துவிட்டது. எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

கடன் வாங்கும்போது அவளுக்கு மூன்று வயது. அவள் அப்பா, ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் ஆலையில் பாய்லர்காரர். ஆலையின் ஊழியர் கடன் நிதியில் கையெழுத்துப் போட்டு அவளுக்குக் காது கேட்கும் கருவி வாங்கினார். கருவி நன்றாக உழைத்தது. கடன் அதைவிட நன்றாக உழைத்தது. மூன்று வருஷம் கட்டியும் தேய்ந்த மாதிரி தெரியவில்லை. காது மட்டும் யாரையும் கேட்காமல் பெரிதாகிக்கொண்டே போனது. கருவியைக் காதுக்குள் பிடித்து வைக்கும் அச்சு இப்போது லொடலொடவென்று ஆடியது. அச்சு ஆடினால் உள்ளே போக வேண்டிய சத்தம் வெளியே கசியும், கருவி தானாகவே கீச்சென்று விசில் அடிக்கும். வகுப்பில் விசில் அடித்ததும் டீச்சர் அதைக் கழற்றிப் பையில் வைக்கச் சொன்னார். மகள் கழற்றி வைத்தாள். அந்த வாரம் டீச்சர் எழுதி அனுப்பியது: இப்போதெல்லாம் மிகவும் அமைதியாக இருக்கிறாள், நடத்தை நன்று.

"அச்சுக்காரர் சொல்லிட்டாருங்க," என்றாள் மனைவி. வீட்டிலேயே சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறவள். பேசும்போதும் ஊசி நிற்காது. "பணத்தக் கையில கொண்டு வந்தாத்தான் காதுல மாவு வெச்சு அளவு எடுப்பாராம். அப்புறம் தர்றோம்ங்கற பேச்சே வேணாங்கறாரு."

"நாம கடன்காரங்கன்னு அவருக்கு யாரு சொன்னா?"

"மூஞ்சில எழுதியிருக்குதே."

பாய்லர்காரரின் சம்பளத்தில் பத்துக்கு ஏழு பங்கு கடனுக்கே போனது. தவணை, வட்டி, கடனுக்குக் காப்பீடு, காப்பீட்டைப் பிடித்தம் செய்து கொடுக்கும் சேவைக்குக் கட்டணம். மீதி மூன்று பங்கில் வாடகையும் வயிறும். காதுக்கு அதில் இடம் இல்லை.

இதை அவர் சாப்பாட்டு நேரத்தில் கோர்ட்டிடம் சொன்னார். கோர்ட்டு என்பது இஸ்திரி உருளையில் வேலை பார்க்கும் ஓர் ஆள். முன்பு நீதிமன்ற வாசலில் டீக்கடை வைத்திருந்தார், பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பாய்லர்காரரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

"ஏழு பங்கா? பாதிக்கு மேல பிடிக்கக் கூடாதுண்ணே. சட்டம் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து வருஷம் அந்த வாசல்ல நின்னிருக்கேன். வக்கீலுங்க டீக்காசுக்குப் பதிலா சட்டம்தான் சொல்லிட்டுப் போவாங்க. எனக்கு வர வேண்டிய பாக்கி முழுக்க சட்டமாத்தான் நிக்குது."

அன்று மதியம் முழுக்க பாய்லர்காரர் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். முள் அதைத் தாண்டினால் வால்வு தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு மனு கொடுக்க வேண்டாம், யாரையும் போய்ப் பார்க்க வேண்டாம். சட்டமும் அதைப் போன்ற ஒன்றாகத்தான் இருக்கும், இதுவரை யாரும் முள்ளைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

நலப்பிரிவு அதிகாரியின் அறை குளிரூட்டப்பட்டது. பாய்லர் அறையிலிருந்து நேராகப் போனவருக்குப் பல் கிட்டியது. அதிகாரி எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

"முதல்ல உங்களைப் பாராட்டறேன். சட்டம் தெரிஞ்ச ஊழியர்தான் நிறுவனத்துக்குச் சொத்து. சொத்தை யாராவது விடுவாங்களா? பாதிக்கு மேல நாங்க ஒரு நூல்கூட பிடிக்க மாட்டோம். உங்க பாதி எங்களுக்குக் கோயில் மாதிரி, செருப்புப் போட்டுக்கிட்டு உள்ள போக மாட்டோம். ஆனா ஒரு கேள்வி. பாதின்னா எதுல பாதி?"

"சம்பளத்துலங்க."

"சம்பளம்னா பணம் மட்டும்தானா?"

பாய்லர்காரர் யோசித்தார். அவருக்குத் தெரிந்த சம்பளம் பணமாகத்தான் இருந்தது. அப்படியும் கொஞ்சமாகத்தான் இருந்தது.

"இங்கதான் எல்லாரும் சறுக்கறாங்க," என்று அதிகாரி கால்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்தார். "சீருடை குடுக்கிறோம். அதை நாங்களே துவைச்சும் குடுக்கிறோம். வெளியில சலவைக்குப் போட்டா என்ன ஆகும்? அதை எழுதுவோம். குடிக்கிற தண்ணி. வேலை முடிஞ்சு நீங்க குளிக்கிற வெந்நீர். அப்புறம் முக்கியமானது, வெப்பம்."

"வெப்பமா?"

"குளிர்காலத்துல ஜனங்க வீட்டைச் சூடாக்க எவ்வளவு செலவு பண்றாங்க தெரியுமா? நீங்க எட்டு மணி நேரம் இலவசமா உக்காந்திருக்கீங்க."

"வெயில் காலத்துலயும் சூடாத்தாங்க இருக்கு."

"அப்பவும் நாங்க குறைக்கல பாருங்க."

எல்லாவற்றையும் கூட்டினால், ஆலை அவருக்குக் கொடுக்கும் சம்பளம் அவர் நினைத்துக்கொண்டிருந்ததைப் போல் இரண்டு மடங்கு. பாய்லர்காரருக்கு ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. அந்த இரண்டு மடங்கில் பாதி என்றால், பணமாக வருவது மொத்தமும். அதில் ஏழு பங்குதான் பிடிக்கிறார்கள். அதாவது எல்லைக்கு உள்ளேயே, இன்னும் மூன்று பங்கு இடம் காலியாக இருந்தது.

"இவ்வளவு நாளா அந்த இடத்தைக் கவனிக்காம விட்டுட்டோம்," என்றார் அதிகாரி வருத்தமாக. "நீங்க வந்ததால தெரிஞ்சுது. நன்றி."

அடுத்த சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகை என்ற கட்டத்தில் பூஜ்யம் இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில்: தங்கள் பாதி வெப்பமாக வழங்கப்பட்டது.

மனைவி சீட்டை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். "நியாயம் கேட்டுட்டு வர்றேன்னு போனீங்களே, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அவங்களுக்குக் கேட்டுச்சா?"

அந்த மாதம் காஜாப் பணத்தில் ஓடியது. மளிகைக்கடைக்காரர் முதல் வாரம் சிரித்தார், இரண்டாம் வாரம் சிரிக்கவில்லை, மூன்றாம் வாரம் கடைக்குள் போய்த் தன் மகனை முன்னால் அனுப்பினார். மகள் பள்ளிக்கூடத்தில் நல்ல நடத்தையோடு இருந்தாள்.

கோர்ட்டுதான் தொழிலாளர் துறைக்கு மனு எழுதிக் கொடுத்தார். துறை வேகமாக நடந்துகொண்டது; அந்த மாதமே ஆய்வாளர் ஒருவர் வந்து இறங்கினார். ஒல்லியான, கறாரான மனிதர். நேராக பாய்லர் அறைக்குள் போய், சுவரில் கை வைத்துப் பார்த்து, கையை உதறினார்.

"வெப்பம் இருக்கிறது உண்மைதான்," என்றார். "ஆனா இதை வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. வீட்டுக்குக் கொண்டு போக முடியாத எதுவும் ஊதியம் இல்ல. பணமா வர்ற சம்பளத்துல பாதியை ஊழியர் கையில குடுத்தே ஆகணும். அவர் கைவிரல் மூடறதை ஒரு சாட்சி பாக்கணும்."

முள் கோட்டைத் தொட்டுவிட்டது, வால்வு திறந்துவிட்டது என்று நினைத்தார் பாய்லர்காரர். ஆய்வாளரும் நலப்பிரிவு அதிகாரியும் மேற்கொண்டு பேசக் குளிர் அறைக்குள் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. வெகு நேரம் கழித்து வெளியே வந்தபோது இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல இருந்தார்கள்.

சம்பள நாளன்று ஆலையில் புது ஏற்பாடு. கணக்குப் பிரிவில் முன்பு ஒரே ஜன்னல்தான் இருந்தது. இப்போது இரண்டு. முதல் ஜன்னலில் சம்பளம். அதை ஒட்டி ஒரு கதவு, கதவுக்குள் நீளமான நடைபாதை, நடைபாதையின் கோடியில் இரண்டாவது ஜன்னல். நடைபாதையின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள்: உங்கள் பணம், உங்கள் விருப்பம். ரிப்பன் கட்டியிருந்தார்கள். ஆய்வாளர் அதை வெட்டிவிட்டு நாலு வார்த்தை பேசினார்.

"சட்டம் எல்லை போட்டிருக்கிறது எதுக்கு? சம்பளத்துல பிடிக்கிறதுக்கு. சம்பளம் உங்க கைக்கு வந்துட்டா அப்புறம் அது சம்பளம் இல்ல, உங்க சொந்தப் பணம். ஒருத்தர் சொந்தப் பணத்தை என்ன பண்றார்னு நான் எட்டிப் பாக்கலாமா? அது அநாகரிகம். என் சர்வீஸ்ல ஒரு தடவைகூட நான் அப்படி எட்டிப் பாத்ததில்ல. மேலிடத்துல அதுக்காகவே என்னைப் பாராட்டியிருக்காங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். பாய்லர்காரரும் தட்டினார், எதற்கு என்று தெரியவில்லை, பக்கத்தில் தட்டினார்கள். ஆய்வாளர் முதல் ஜன்னல் வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, நடைபாதைப் பக்கம் திரும்பாமல், பின்னோக்கியே நடந்து போய்க் காரில் ஏறினார்.

வேலை முடிகிற நேரத்தில் மனைவியும் மகளும் ஆலை வாசலில் வந்து நின்றிருந்தார்கள். பணம் கைக்கு வந்ததும் மூன்று பேருமாக அச்சுக்காரரிடம் போவதாகப் பேச்சு. இருட்டுவதற்குள் அவர் கடையைச் சாத்திவிடுவார். மகளுக்குத் தலை வாரிக் காதுகள் இரண்டும் நன்றாகத் தெரியும்படி பின்னியிருந்தாள் மனைவி.

முதல் ஜன்னலில் கேஷியர் பாதிச் சம்பளத்தை எண்ணி, பாய்லர்காரரின் உள்ளங்கையில் வைத்தார். சாட்சிக்கு வந்த தோட்டக்காரர் குனிந்து விரல்கள் மூடுவதைப் பார்த்தார். ஸ்டோர் குமாஸ்தா போட்டோ எடுத்தார்.

"கொஞ்சம் சிரிங்க. பாதி வாங்கறீங்க."

பாய்லர்காரர் சிரித்தார். அது பொய்ச் சிரிப்பு இல்லை. அவ்வளவு பணம் ஒன்றாக அவர் கையில் இருந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

கதவைத் தள்ளி நடைபாதைக்குள் போனார். கதவு பின்னால் மூடிக்கொண்டது. உள்ளே இருந்து திறக்க அதற்குக் கைப்பிடி வைத்திருக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. இரண்டாவது ஜன்னலுக்கு அவர் போய்ச் சேர்வதற்குள், அதே கேஷியர் தன் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியை உருட்டிக்கொண்டு அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். இதற்கு முன் பார்த்தே இராத ஆளைப் பார்ப்பது போல் கும்பிட்டார்.

"வாங்க சார். விருப்பத் தொகை எவ்வளவு?"

"என்ன தொகைங்க?"

"கடன்ல விட்டுப்போன ரெண்டு பங்கு இருக்கு. அப்புறம் வெப்பம்."

"வெப்பம் சம்பளம் இல்லன்னு ஆய்வாளர் சொல்லிட்டாரே."

"அதேதான் சார். சம்பளம் இல்லன்னா அது வித்த சரக்குன்னு ஆயிடுது. வருஷக்கணக்கா வாங்கியிருக்கீங்க, பில்லு நிக்குது." கேஷியர் ஒரு தொகையைச் சொன்னார். அதைக் கொடுத்தால் வாடகைக்கு மட்டும் மிஞ்சும். வாடகை கட்டுகிறவன்தான் மறுநாள் நேரத்துக்கு வேலைக்கு வருவான் என்பது கடன் நிதிக்குத் தெரியும்.

"எனக்கு விருப்பம் இல்லைங்க," என்றார் பாய்லர்காரர்.

"பரவாயில்ல சார். இங்க யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. பெஞ்சுல உக்காருங்க."

"நான் வெளிய போகணும். வாசல்ல காட்டற சீட்டு மட்டும் குடுங்க."

"அது விருப்ப ரசீதோட பின்பக்கத்துல அச்சடிச்சிருக்கு சார். தனியா குடுக்க வசதி இல்ல."

பாய்லர்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சுக்கு மேலே கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருந்தது. எழுந்து நின்றால் வாசல் தெரிந்தது. மனைவி கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். அவர் பணத்தை எடுத்துக் கம்பிக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். மனைவியின் முகம் அப்படியே மலர்ந்தது. அவர் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து 'வர்றேன்' என்றார். மகள் அம்மாவின் புடவையை இழுத்தாள். கருவி இல்லாத நாளிலிருந்து அவள் உதட்டைப் படிக்கப் பழகியிருந்தாள். "அப்பா வர்றாராம்," என்று அவள் சத்தமாகச் சொன்னது நடைபாதை வரை கேட்டது. தன் குரல் தனக்குக் கேட்காததால் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள்.

கொஞ்ச நேரத்தில் விருப்ப ஆலோசகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பருத்திப் புடவை கட்டிய, பஞ்சு மாதிரி பேசுகிற அம்மா.

"விருப்பம் இல்லைன்னு சொன்னீங்களாமே. அந்த உணர்வு உங்களுக்கு எங்க இருந்து வருது?"

"காதுல இருந்துங்கம்மா. பொண்ணு காது."

அம்மா தலையாட்டினார். "கண்ணை மூடிக்கோங்க. மூச்சை மெதுவா இழுங்க. இப்ப அந்தப் பணத்தை விட்டுட்டதா நினைச்சுப் பாருங்க. மனசு லேசாகுதா?"

"பையும் லேசாகுதுங்கம்மா."

"அவசரம் இல்ல. மெதுவா வரட்டும். விருப்பம்ங்கறது பூ மாதிரி, பிடுங்கக் கூடாது. என்கிட்ட உக்காந்தவங்க யாரும் விருப்பம் வராம எந்திரிச்சுப் போனதில்ல. சில பேருக்கு ராத்திரி ஆயிருக்கு. அதனால என்ன, நான் சாப்பாடு கொண்டு வந்திருக்கேன்."

கம்பி ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. பாய்லர்காரர் எழுந்து எட்டிப் பார்த்தார். மனைவி இப்போது சிரிக்கவில்லை. சாலையின் அந்தப் பக்கம் அச்சுக்காரர் கடை இருக்கும் திசையைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். அவர் மறுபடியும் பணத்தைக் காட்டினார். 'இருக்குது' என்பதற்கு அடையாளமாக. இந்த நடைபாதைக்குள் இருக்கும் வரைக்கும் அது அவருடைய பணம்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சுவரில்கூட எழுதியிருந்தது.

அவர் உட்கார்ந்தே இருந்திருப்பார். பாய்லர்காரர் வேலையே உட்கார்ந்து முள்ளைப் பார்க்கிற வேலைதான். பொறுமையில் அவரை ஜெயிக்க முடியாது. அது நலப்பிரிவு அதிகாரிக்கும் தெரியும் போல. அவரே நேரில் வந்தார்.

"உங்களைப் பாத்தா எனக்குப் பெருமையா இருக்கு," என்றார். "விருப்பம் இல்லைன்னா இல்லைதான். நான் மதிக்கிறேன். சீட்டு குடுக்கச் சொல்றேன், நீங்க கிளம்பலாம்."

பாய்லர்காரர் நம்ப முடியாமல் எழுந்தார்.

"உங்களுக்கு விருப்பம் வராட்டி என்ன, ஜாமீன்தாரருக்கு வரும்," என்றார் அதிகாரி. "சட்டம் அப்படித்தான் சொல்லுது. உங்க தொகை அவர் பாதியில இருந்து வந்துடும். பாவம், அவருக்கும் ஒரு கடன் இருக்கு. ரெண்டும் சேந்தா அவருக்கு வாடகைகூட மிஞ்சாது. ஆனா அது அவர் விருப்பம், நாம அதுல தலையிட முடியாது."

அப்போது கதவு திறந்து மூடிக்கொண்டது. கோர்ட்டு உள்ளே வந்தார். கையில் அவருடைய பாதி. போட்டோவுக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேஷியரின் நாற்காலி உருண்டு வந்தது.

"என்னண்ணே, இன்னும் இங்கயா நிக்கறீங்க?" என்றவர், அதிகாரி முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து வருஷம் நீதிமன்ற வாசலில் நின்றவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "நீங்க போங்கண்ணே. பாப்பா வாசல்ல நிக்குது. நான் பாத்துக்கறேன்," என்றார். சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தார். செருப்பின் வார் அறுந்து, ஆஸ்பத்திரித் துணியின் நாடாவால் கட்டியிருந்தது.

பாய்லர்காரர் கோர்ட்டின் செருப்பைப் பார்த்தார். கம்பி ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் இரண்டாவது ஜன்னலுக்குப் போய், வாடகைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதிப் பணத்தை வைத்தார்.

"விருப்பத்தோடதானே சார்?" என்று கேட்டார் கேஷியர். "வாயால சொல்லணும். விதி."

"விருப்பத்தோட," என்றார்.

ஆலோசகர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, பூத்துடுச்சு," என்றார். நலப்பிரிவு அதிகாரி கை குலுக்கினார். பாய்லர்காரர் எழுப்பிய கேள்வியால்தான் இந்தச் சீர்திருத்தமே வந்தது என்றும், ஆலை அதை மறக்காது என்றும் சொல்லி, சட்டம் போட்ட போட்டோ ஒன்றை நினைவுப் பரிசாகக் கொடுத்தார். முதல் ஜன்னலில் எடுத்த போட்டோ. உள்ளங்கை நிறையப் பணம், வாய் நிறையச் சிரிப்பு. கீழே எழுதியிருந்தது: பாதி கைக்கு வந்தது. சட்டத்துக்கான விலையை அடுத்த மாதம் விருப்பமாகக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

வாசலில் காவலாளி ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு வெளியே விட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் அச்சுக்காரர் கடையில் இன்னும் விளக்கு எரிந்தது. மனைவி அவருடைய கைகளைப் பார்த்தாள், சட்டைப் பையைப் பார்த்தாள். கைப்பையின் வாயை மூடினாள்.

மகள் போட்டோவைப் பிடுங்கிக்கொண்டாள். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா கையில எவ்ளோ பணம்," என்றாள், தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில். "அச்சு வாங்கப் போலாமாப்பா? கடை திறந்திருக்கு."

பதிலுக்காக அவர் உதட்டைப் பார்த்தபடி நின்றாள்.

அவர் ஆலைச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு பதில் சொன்னார். மனைவிக்கு மட்டும் கேட்டது.